கடைசிப் பொத்தான்

அழவைப்பது எங்கள் தொழில். ஹைனெக் கூபெக் வயலின் வாசிப்பார், நான் காலால் மிதித்து வாசிக்கிற ஹார்மோனியம். பேசாத படத்துக்குப் பாட்டு எதற்கு என்று எங்களைக் கேட்காதவர்களே இல்லை. காமிரா சுற்றும்போது நடிகர்களின் முகத்தில் உணர்ச்சி வரவேண்டுமே, அதற்காகப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறோம். காதலுக்கு ஒன்று, பயத்துக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று. நாங்கள் வாசிப்பது பிலிமில் ஏறாது. பிற்பாடு படம் ஓடுகிற ஊரில் அந்தத் தியேட்டர் ஆர்கன்காரர் தன் கைக்கு வந்ததை வாசித்துக்கொள்வார். ஆக, எங்கள் வாசிப்பைக் கேட்ட பாக்கியசாலிகள் நடிகர்களும் காமிராக்காரர்களும், இந்தப் படத்தைப் பொறுத்தவரை ஒட்டகங்களும்தான்.

என் பெயர் கோரா டில்மன். ஹாலிவுட்டுக்கு வருவதற்கு முன்னால் மிசோரியில் ஒரு சர்ச்சில் வாசித்துக்கொண்டிருந்தேன். அங்கே என் வாசிப்பைக் கேட்டு யாரும் அழுததில்லை, தூங்கியிருக்கிறார்கள்.

அந்த வருஷம் எல்லாக் கம்பெனிக்கும் பாலைவனப் பைத்தியம் பிடித்திருந்தது. தலையில் துணி சுற்றிய ஷேக் ஒருவன், அவன் குதிரையில் தூக்கிக்கொண்டு போக ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி, கூடாரம், மணல்புயல். கடைசி ரீலில் அந்த ஷேக் அரபியே இல்லை, குழந்தையில் தொலைந்துபோன ஏதோ ஒரு பிரபுவின் பிள்ளை என்று தெரியவரும். அப்படித் தெரியவராவிட்டால், வெள்ளைக்காரியை அரபி முத்தமிடுவதா என்று ஊர் ஊராகத் தணிக்கைக்காரர்கள் முத்தத்தை வெட்டிவிடுவார்கள். எங்கள் ஷேக் இந்தியானாவில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகன். ஒட்டகத்தைக் கண்டால் அவனுக்குப் பயம், அவனைக் கண்டால் ஒட்டகத்துக்கு அதைவிடப் பயம். அரபிக் கூட்டமாக வந்தவர்கள் எல்லைக்கு அந்தப்பக்கத்து மெக்சிகோக்காரர்கள். யூமாவுக்கு அருகே மணல்மேடுகளுக்கு நடுவில் கூடாரம் அடித்துத் தங்கியிருந்தோம். காலையில் எழுந்ததும் என் முதல் வேலை ஹார்மோனியத்தைக் கவிழ்த்து மணலைத் தட்டுவது. பீன்ஸில் மணல், காப்பியில் மணல், டப்பாவில் அடைத்து வந்த பீச் பழத்தில்கூட எப்படியோ மணல்.

ஹைனெக்குக்கு வேறொரு முதல் வேலை இருந்தது. நெப்ராஸ்காவில் குடியேறிய செக் நாட்டுக் குடியானவர் வீட்டுப் பிள்ளை அவர், அதிர்ந்து பேசமாட்டார். வெயில் ஏறுவதற்குள் கூடாரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு ஒரு சின்னப் பாட்டை ஒரே ஒரு தடவை வாசிப்பார். துள்ளலான பாட்டு. நடுவில் ஓரிடத்தில் வில்லை இழுத்து ஒரே சுரத்தில் அப்படியே நிற்பார். நிற்பார், நின்றுகொண்டே இருப்பார். பிறகு சடசடவென்று முடித்துவிட்டுக் காப்பிக்கு வருவார். ஸ்டூடியோவில் சேர்ந்து வாசித்த காலமெல்லாம் இதைக் கேட்டிருக்கிறேன். அந்த மணல்காட்டில்தான் வாய்விட்டுக் கேட்டேன்.

"அது என்ன பாட்டு, ஹைனெக்? நடுவுல நின்னுடுறீங்களே, மறந்துபோச்சா?"

"மறக்கல. காத்துக்கிட்டிருக்கேன்."

"யாருக்கு?"

"ரூஷாவுக்கு. என் பொண்ணு. பூட்ஸ் போடுறா."

அவருக்குப் பெண் இருக்கிறாள் என்று அவர் சொல்லி எனக்குத் தெரியும். பிள்ளைகள் உண்டா என்று யார் கேட்டாலும், "ஒரு பொண்ணு இருக்கா, ரூஷானு பேரு," என்பார். நெப்ராஸ்காவில் தாயோடு இருக்கிறாள்போல என்று நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் முழுக்கச் சொன்னார். கணுக்காலுக்கு மேல்வரை பொத்தான் வைத்த பூட்ஸ், கொக்கியால் ஒவ்வொன்றாக இழுத்து மாட்டவேண்டும். ரூஷாவுக்குக் கை மந்தம். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகும், அம்மா திட்டுவாள், குழந்தை அழுவாள். அழாமல் இருக்க இவர் ஒரு பாட்டுக் கட்டினார். வலது பூட்ஸுக்கு ஒரு பகுதி, இடது பூட்ஸுக்கு ஒரு பகுதி. இடது காலில் கடைசிப் பொத்தான் எப்போதும் சண்டித்தனம் செய்யும். அதை மாட்டி முடிக்கிறவரை இவர் அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவள் நிமிர்ந்து, "ஆச்சு!" என்பாள். சடசடவென்று முடிப்பார், அவள் ஓடுவாள்.

யுத்தம் முடிந்த வருஷம் ஊரெல்லாம் விஷக்காய்ச்சல் வந்ததே, அதில் ரூஷா போய்விட்டாள். போட்டோ எடுக்கச் சொல்லிவைத்திருந்தார்கள். போட்டோக்காரரும் அதே காய்ச்சலில் படுத்துவிட்டார். குழந்தைக்கு ஒரு படம்கூடக் கிடையாது. பெண்டாட்டி அந்தப் பெயரை வீட்டில் எடுக்கவிடாமல் இருந்து பார்த்தாள், முடியாமல் அக்காள் வீட்டோடு போய்விட்டாள்.

"முகம் மறந்துக்கிட்டே வருது, கோரா. சும்மா நினைச்சா வரமாட்டேங்குது. இந்தப் பாட்டுல, அந்த இடத்துல மட்டும் வரா. குனிஞ்சு உக்காந்திருப்பா. வகிடு கோணலா இருக்கும். நாக்கை ஓரமா கடிச்சிருப்பா. அப்புறம் நிமிர்ந்து பாப்பா."

"எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

"நானா முடிவு பண்றேன்? அவ எவ்வளவு நேரம் எடுக்கிறாளோ அவ்வளவு."

காப்பி ஆறுகிறது, வந்து குடியுங்கள் என்று அதட்டினேன். எனக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

எங்கள் கதாநாயகிக்குக் கம்பெனி வைத்த பெயர் ஸெலெஸ்ட் வேல். ஓஹையோவில் பிறந்தபோது இடா க்ரம்ப். கெட்ட பெண் என்று சொல்லமாட்டேன். மெக்சிகோக்காரர்களுக்குத் தன் கூடாரத்துப் பனிக்கட்டியை அனுப்புவாள். அவளுக்கு வந்த கஷ்டம், அழுகை வரவில்லை. ஷேக் குண்டடிபட்டு அவள் மடியில் கிடக்கிறான், அவள் அழவேண்டும், அழுகையில் அவன் கண்ணைத் திறக்கவேண்டும். படத்தின் உயிரே அந்தக் காட்சிதான். நாங்கள் சாவுக்கு வாசிக்கிற வழக்கமான பாட்டை வாசித்தோம்.

"இதுக்கு எத்தனை படத்துலதான் அழறது?" என்றாள் அவள். "இதைக் கேட்டா இப்ப பசிதான் வருது."

கிளிசரின் போட்டுப் பார்த்தார்கள். அந்த வெயிலில் அது வழியாமல் கன்னத்தில் உட்கார்ந்துகொண்டு மணலைச் சேர்த்தது. டைரக்டர் லுட்லோ தொப்பியைக் கழற்றி மணலில் அடித்தார். "ஓஹையோவுக்கு ரயில் இருக்கு தெரியுமில்ல? அழத் தெரிஞ்ச பொண்ணுங்க லாஸ் ஏஞ்சலஸ்ல வரிசையா நிக்கிறாங்க!" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். செத்த ஷேக் மூக்கில் உட்கார்ந்த ஈயை ஊதினான். மதியச் சாப்பாட்டுக்கு விட்டார்கள்.

அன்று காலையில் காற்று பலமாக அடித்ததால் ஹைனெக் தன் பாட்டை வாசித்திருக்கவில்லை. சாப்பாட்டுக்குப் போகாமல் லாரி நிழலில் உட்கார்ந்து மெல்ல வாசித்தார். லாரிக்கு அந்தப்பக்கம் ஸெலெஸ்ட் ஒண்டியாக உட்கார்ந்திருந்தது எங்களுக்குத் தெரியாது. அவர் அந்தச் சுரத்தில் நின்றபோது ஒரு விசும்பல் கேட்டது. பாட்டு முடிந்தபிறகும் விசும்பல் நிற்கவில்லை.

லுட்லோவுக்கு அழுகை மோப்பம் பிடிக்கத் தெரியும். பாதிச் சாப்பாட்டில் ஓடிவந்தார். "அதான்! அதைத்தான் வாசிக்கணும், ப்ரொஃபசர்!"

"இல்லை சார். அது வேலைக்கு வாசிக்கிறதில்ல," என்றார் ஹைனெக். அவர் ஒரு டைரக்டரிடம் இல்லை என்று சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

லுட்லோ போனதும் ஸெலெஸ்ட் வந்து, சீமாட்டி உடுப்போடு மணலில் அவர் முன்னால் உட்கார்ந்தாள். "யாரோட பாட்டு அது, மிஸ்டர் கூபெக்?"

அவர் சொன்னார். என்னிடம் சொல்ல அத்தனை காலம் எடுத்தவர், அவளிடம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ரூஷா... ஐயோ குட்டி... ரூஷா," என்று மறுபடி அழுதாள். ஹைனெக்கின் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பெயரை இன்னொருவர் வாயால் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்றோ, அப்படி ஒரு முகம். என் வாயிலிருந்து அந்தப் பெயர் ஒருநாளும் வந்திருக்கவில்லை. பாட்டைக் கொடுத்துவிடுவார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அவரைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன். "உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அதைக் கொடுக்காதீங்க. சாவுப் பாட்டு நூறு இருக்கு, புதுசா ஒண்ணு நானே கட்டித் தரேன்."

"அவ பேரைச் சொல்லி அழுதாங்க, கோரா. அவளுக்காக அழ இன்னொரு ஆள் கிடைச்சிருக்கு."

"அழறது அவங்க பொழைப்பு. அழவைக்கிறது நம்ம பொழைப்பு. இதுல நீங்களே போய் விழுவீங்களா?"

"அது நிஜ அழுகை. எனக்குத் தெரியும்," என்றார்.

எத்தனை நடிகைகளை அழவைத்த மனுஷர்! படத்தில் பனியாகக் கொட்ட மாவு விற்கிறவர் தன் கடை மாவையே பனி என்று நம்பினால் என்ன செய்வது? எனக்கு வந்த கோபத்தில் ஹார்மோனியத் துருத்தியை மிதித்தே கிழித்திருப்பேன்.

முதல் டேக்கை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். இரண்டு காமிராக்களும் கடகடவென்று சுற்றுகின்றன. ஹைனெக் வாசிக்கிறார். வலது பூட்ஸ், இடது பூட்ஸ். அந்தச் சுரத்தில் வந்து நின்றார். ஸெலெஸ்ட் தலை குனிந்தது. முக்காடு நழுவி அவள் வகிடு தெரிந்தது. கத்துகிற லுட்லோ கத்தவில்லை. மெக்சிகோக்காரர்கள் தலைத்துணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். ஹைனெக் நின்றார், நின்றார், கண்ணை மூடியபடி. பிறகு ஸெலெஸ்ட் மெல்ல நிமிர்ந்தாள், கண்ணீர் தாரையாக. அதே நொடியில் அவர் வில் சடசடவென்று ஓடி முடிந்தது. நான் அவரைப் பார்த்தேன். வந்தாள் என்று தலையசைத்தார். அவர் முகத்தில் இருந்தது சந்தோஷம், வேறு பெயர் அதற்குக் கிடையாது.

"பிரமாதம்!" என்றார் லுட்லோ. "இன்னொண்ணு!"

இன்னொன்றுக்கு ஒட்டகம் குறுக்கே வந்தது. அடுத்ததற்குக் காமிராவில் மணல். அடுத்தது கிட்டத்தில் முகம் மட்டும். அடுத்தது பக்கவாட்டில். வெளிநாட்டுக்கு அனுப்புகிற பிலிமுக்காக மறுபடி. ஒவ்வொரு தடவையும் வழிந்த கண்மையைத் துடைத்து, முகத்துக்குப் பூசி, மறுபடி அழவைக்கவேண்டும். ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் வாசிக்காத பாட்டை அந்த மனுஷர் கை வலிக்க வாசித்தார். வெயில் சாய ஆரம்பித்தபோது லுட்லோ வந்தார்.

"ப்ரொஃபசர், நடுவுல நிக்கிறீங்களே, அங்க அவங்களுக்குக் கண்ணீர் நின்னுபோகுது. அந்த இடத்தை எடுத்துடுங்க. நிக்காம அப்படியே போங்க."

"அங்க நிக்கணும் சார். அதுக்குத்தான் அந்தப் பாட்டே."

"சூரியன் நிக்குமா உங்களுக்காக?"

ஹைனெக் ஸெலெஸ்டைப் பார்த்தார். அவள் சோர்ந்துபோயிருந்தாள். "ப்ளீஸ், மிஸ்டர் கூபெக். இது மட்டும் முடிஞ்சிட்டா போதும்," என்றாள்.

அவர் வயலினைத் தோளில் வைத்தார். நான் ஹார்மோனியத்தை மூடிவிட்டு எழுந்து நின்றேன். யாரும் கவனிக்கவில்லை. நிற்காமல் வாசித்தார். கடைசிப் பொத்தானைப் போடவிடாமல் குழந்தையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இருந்தது எனக்கு. அன்று வெளிச்சம் போகிறவரைக்கும், மறுநாளும் அப்படித்தான் வாசித்தார்.

காட்சி முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். ஸெலெஸ்ட் நாற்காலியில் காலை நீட்டி எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டிருந்தாள். ஹைனெக் தொப்பியைக் கையில் பிடித்தபடி அவளிடம் போனார், நானும் கூடப் போனேன்.

"அந்த நேரத்துல ரூஷா எப்படி இருந்தா? உங்களுக்கு எப்படித் தெரிஞ்சா?" என்று கேட்டார்.

"யாரு?" என்றாள். உடனே ஞாபகம் வந்து, "ஓ, உங்க பொண்ணா! இல்ல, மிஸ்டர் கூபெக், நான் நினைச்சுக்கிட்டது எங்க நாயை. டொலீடோல இருந்தப்ப பால் வண்டியில அடிபட்டு செத்துப்போச்சு. சின்ன நாய். எப்ப அழணும்னாலும் அதைத்தான் நினைச்சுக்குவேன், கொஞ்ச நாளா அதுவும் வராம இருந்துச்சு. உங்க பாட்டு அதைத் திரும்பக் கொண்டுவந்திடுச்சு. உங்களுக்குக் கோடி புண்ணியம்," என்றாள். உண்மையான நன்றியோடுதான் சொன்னாள். ஓர் அறை விடலாம் என்றால் அதற்கு இடமே கொடுக்கவில்லை.

"நல்லது, மிஸ் வேல்," என்றார் ஹைனெக். தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் காற்று இல்லை. கூடாரத்துக்குப் பின்னால் வயலின் கேட்டது. வலது பூட்ஸ், இடது பூட்ஸ், உடனே முடிவு. நிற்கவில்லை. மறுபடி ஆரம்பித்தார். இந்தத் தடவை நின்றார், ஆனால் அது நிற்கிற மாதிரி இல்லை, தடுக்கிய மாதிரி இருந்தது. மறுபடி. மறுபடி. நான் போய்ப் பார்த்தபோது வில்லைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

"அவங்க வராங்க, கோரா."

"யாரு?"

"மிஸ் வேல். மை வழிஞ்ச முகம். அந்த இடத்துக்கு வந்தா அந்த முகம்தான் வருது. எவ்வளவு நேரம் நிக்கணும்னும் தெரியல. நான் நிக்கிறேன், யாரும் நிமிர்ந்து பாக்கமாட்டேங்குறாங்க."

நாலு நாள் விட்டுப் பிடிக்கலாம், ஊருக்குப் போனால் சரியாகிவிடும் என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. ஊருக்கு வந்தும் சரியாகவில்லை. வேலைக்கு வந்தார், சொன்னதை வாசித்தார். காலையில் அந்தப் பாட்டு மட்டும் கேட்பதில்லை.

படம் வெளிவந்த வாரம் ஹைனெக்கே என் வீட்டுக் கதவைத் தட்டினார். சவரம் செய்து, கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். "சினிமாவுக்குப் போகலாம், கோரா. அந்த முதல் டேக்கைத்தான் படத்துல வச்சிருக்காங்களாம். காமிராக்காரர் சொன்னார்."

"அதைப் பாத்து என்ன பண்ணப்போறீங்க?"

"அன்னைக்கு அவ வந்தா. நான் அவளுக்காகத்தான் நின்னேன். அவங்க தலை குனிஞ்சதுலேருந்து நிமிர்ற வரைக்கும் எவ்வளவு நேரமோ, அது அவ எடுத்த நேரம். சத்தம் ஏறாட்டியும் அந்த முகத்துல அது இருக்கும். ஒரு தடவை பாத்துட்டா கைக்குப் பிடிபட்டுடும். அப்புறம் வருவா."

தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அந்த மனுஷர் கேட்டது எனக்கு நியாயமாகவே பட்டது. எங்கள் தொழிலில் வாசித்தது எங்காவது மிச்சம் இருக்கும் என்றால் அது நடிக்கிறவர் முகத்தில்தான்.

மத்தியானக் காட்சி, பெண்கள் கூட்டம். இரண்டு இருக்கைகள் சேர்ந்தாற்போல் நடுவரிசையில் கிடைத்தன. மணல்மேடுகள் திரையில் வெள்ளிபோல வந்தன. மளிகைக் கடைக்காரர் மகன் குதிரையில் வந்தபோது பெண்கள் மூச்சை இழுத்தார்கள். ஆர்கன்காரர் விளாசினார். கடைசியில் குண்டு வெடித்தது. ஷேக் அவள் மடியில். ஆர்கன்காரர் எதை எடுத்தார் தெரியுமா? நாங்கள் வாசித்து அவளுக்கு அழுகை வராமல் போன அதே சாவுப் பாட்டை.

ஹைனெக் அதைக் கேட்கவில்லை. அவர் விரல்கள் முழங்காலில் ஓடிக்கொண்டிருந்தன. வலது பூட்ஸ், இடது பூட்ஸ். திரையில் ஸெலெஸ்டின் முகம். அந்த முதல் டேக்தான், முக்காடு நழுவுவதில் எனக்குத் தெரிந்தது. அவள் தலை குனிந்தது. ஹைனெக் விரல்களை நிறுத்தி, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

திரை கறுத்தது. இரண்டு ஓரத்திலும் ஈச்சமரம் வரைந்த வசன அட்டை வந்தது. வெள்ளை எழுத்து. "என் பாலைவனத்தின் அரசே! என்னைத் தனியாக விட்டுப் போகாதீர்கள்!" அரங்கம் முழுக்கப் பெண்கள் அதை முணுமுணுவென்று படித்தார்கள். மெதுவாகப் படிக்கிறவர்களுக்காக அட்டை அங்கேயே நின்றது. எழுத்து மறைந்து முகம் திரும்ப வந்தபோது ஸெலெஸ்ட் நிமிர்ந்திருந்தாள். கண்ணீர் தாரையாக வழிந்தது. ஷேக் கண்ணைத் திறந்தான்.

பொத்தான் போடுகிற நேரத்தை வெட்டி எடுத்துவிட்டு அங்கே அட்டையை ஒட்டியிருந்தார்கள். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஒரு பெண் தலை குனிந்து சும்மா இருக்கிற இடத்தில்தான் எவனும் வசனத்தை வைப்பான்.

அவர் கை என் கையை விட்டது. முன்னால், பின்னால், எங்கும் மூக்கு உறிஞ்சும் சத்தம். நான் எனக்குத் தெரியாமலே அழுதுகொண்டிருந்தேன், படத்துக்காக இல்லை. விளக்குப் போட்டார்கள். ஹைனெக்குக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்த தடித்த அம்மாள் ஒருத்தி கைக்குட்டையைப் பிழிந்தபடி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"எல்லாரும் அழறோம், உங்க கண்ணுல ஒரு சொட்டு இல்லையே! என்ன மனுஷங்க நீங்க? வீட்டுல பிள்ளை குட்டி யாரும் இல்லையா?"

ஹைனெக் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவள் பக்கம் திரும்பினார். நான் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பொண்ணு இருக்கா, ரூஷானு பேரு. சொல்லுங்கள், ஹைனெக், சொல்லுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"இல்லம்மா," என்றார். "யாரும் இல்ல."